இல்லச் சுவரில் நம் ஊர்



மயிலையிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் புதுமனைகளை மந்திரிக்கச் செல்லும்போது கூடத்துச் சுவர்களைக் கவனிப்பது நம் வழக்கம். ஒரு பக்கம் திருவுருவங்களுக்கு ஒதுக்கிய சிறு பீடம் இருக்கும். எதிர்ச் சுவரிலோ பனி மூடிய ஐரோப்பிய மலையும், நாம் ஒருநாளும் கண்டிராத ஏரியும் தொங்கும். அழகிய படங்களே, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவ்வீட்டுப் பிள்ளைகளிடம், "அடையாறு எங்கே கடலில் கலக்கிறது?" என்று கேட்டால் விழிக்கின்றனர். தன் ஊரை அறியாதவன் அதனை எங்ஙனம் நேசிப்பான்?

இக்குறையை ஓரளவேனும் தீர்க்க எளிய வழியொன்று உண்டு. நம் ஊரின் பழைய நிலக்காட்சி ஓவியங்களின் அச்சுப்படங்களை இல்லச் சுவரில் மாட்டலாம்.

தாமஸ் டேனியல் என்ற ஆங்கில ஓவியரும், அவருடைய சகோதரரின் மகன் வில்லியமும் 1786-இல் கல்கத்தா வந்து சேர்ந்தனர். 1792-இல் தென்னாட்டுக்கு வந்து, கோட்டைகளையும் கோயில்களையும் பாபநாசம் அருவியையும் வரைந்தனர். தாயகம் திரும்பியபின், செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து, நீர்வண்ண ஓவியம் போன்ற சாயல் தோன்றச் செய்யும் 'அக்குவாடிண்ட்' முறையில் அவற்றை அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டினர். 1795 முதல் 1808 வரை 'ஓரியண்டல் சீனரி' என்ற பெயரில் 144 படங்கள் வெளிவந்தன. சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்திலும் டேனியல் படங்கள் உண்டு.

அத்தொகுதியில் நம் மக்களுக்கு மிக நெருக்கமானது, பரங்கிமலைக்கு அருகிலுள்ள அர்மீனியர் பாலத்தைக் காட்டும் படம். அடையாற்றின் மேல் சைதாப்பேட்டையில் வளைவுகளுடன் நீண்டு கிடந்த பாலம் அது. கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்னும் அர்மீனிய வணிகர் 1726-இல் தம் சொந்தப் பணத்தில் அதனைக் கட்டினார். புனித தோமையார் மலைக்குப் படிகள் அமைத்தவரும் அவரே. வெள்ளக் காலத்தில் ஆற்றைக் கடக்கத் தவித்த திருப்பயணிகளுக்கும் ஏழை வழிப்போக்கருக்கும் அவர் ஈட்டிய செல்வம் வழியாயிற்று! 1966-இல் அப்பாலத்தின் இடத்தில் மறைமலை அடிகள் பாலம் எழுந்தது. பாரசீகம், அர்மீனியம், இலத்தீன் மொழிகளில் பொறித்த ஒரு கல்வெட்டே பழைய பாலத்தின் நினைவாக எஞ்சியது. பாலத்தின் தோற்றத்தையோ இத்தகைய ஓவியங்களே நமக்குக் காத்துத் தந்துள்ளன.

எனினும் படத்தைப் பார்க்கவும் கற்பிக்க வேண்டும். மைசூர்ப் போர் முடிந்த கையோடு, இலண்டன் செல்வர்கள் வாங்குவதற்கென அயலார் தீட்டிய காட்சிகள் இவை. எல்லாம் அமைதியாகத் தோன்றும். பசியும் வியர்வையும் தெரியா. கோட்டையைக் கடலிலிருந்து காட்டும் படத்தில் அலைகளிடையே படகுகள் உள்ளன. கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலா படகுகளே அக்காலத்தில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆட்களை ஏற்றிச் சென்றன. துறைமுகம் இல்லாத அந்நாளில், ஆளுநரும் வணிகரும் குருக்களும் நம் கரையோர மக்களின் தோள்வலிமையை நம்பியே கரையேறினர். அவர்களில் ஒருவர் பெயரையும் படம் சொல்லாது. "இவர்கள் யார்?" என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அக்கேள்வியே நல்லதொரு வரலாற்றுப் பாடமாகும்.

இனி நடைமுறை. மூலப் படங்கள் பெருவிலை. நமக்கு அவை வேண்டியதில்லை. இரு நூற்றாண்டுக்கு முந்திய இவற்றுக்குப் பதிப்புரிமைத் தடையும் இல்லை. தெளிவான நகல் ஒன்றைத் தடித்த தாளில் அச்சிட்டு எளிய மரச்சட்டம் போட்டாற் போதும். கடற்காற்றின் ஈரம் தாளைக் கெடுக்கும். ஆகவே படம் கண்ணாடியில் ஒட்டாதபடி இடையில் அட்டை வைக்கச் சொல்லுங்கள். சட்டத்தின் பின்புறம் கீழ்மூலைகளில் இரு சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் காற்று உலவும். நேர்வெயில் படும் சுவரும் மழையில் ஊறும் சுவரும் ஆகா. பத்து வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் மாட்டி, இடம், ஓவியர், ஆண்டு ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிக் கீழே வையுங்கள். பத்துப் படங்கள் சுவரை நிறைக்க வேண்டா; ஒன்றோ இரண்டோ போதும். திருவுருவப் பீடத்தின் இடத்தை மட்டும் எதற்கும் விட்டுக்கொடாதீர்கள்.

படம் மாட்டிய ஞாயிறன்று, திருப்பலி முடிந்ததும் பிள்ளைகளைச் சைதாப்பேட்டைக்கு அழைத்துச் செல்லுங்கள். பாலத்தின் மேல் நின்று, கழிவு கலந்து கறுத்தோடும் அடையாற்றைக் காட்டுங்கள். ஓவியர் கண்ட ஆறும் இதுவே. இறைவன் அளித்த நீரை நாம் என்ன செய்தோம் என்ற வினா அவர்கள் உள்ளத்தில் தானே எழும். ஒரு வணிகர் தம் பொருளை ஊருக்குப் பாலமாக்கினார். நம் தலைமுறை ஊருக்கு எதை விட்டுச்செல்லப் போகிறது? இன்றிரவு குடும்ப செபம் முடிந்ததும் இதைப்பற்றிச் சற்றே பேசுங்கள்.