படத்தைக் காட்டுங்கள், இடத்தைக் காட்டாதீர்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதில் முதலில் சேர்ப்பது பெரும்பாலும் போட்டோக்களைத்தான். மொபைல் போனிலும் கேமரா கார்டிலும் இடம் நிறைந்தவுடன் எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கிற்கு மாற்றிவிடுகிறோம். எங்கள் சேலம், நாமக்கல் பக்கத்தில் இந்தப் போட்டோக்களில் பறவைகளையும் விலங்குகளையும் இப்போது நிறையப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலம் மூக்கனேரிக்கோ பனமரத்துப்பட்டி ஏரிக்கோ கேமராவுடன் போகிறவர்கள் இருக்கிறார்கள். நான்கு நாள் லீவு கிடைத்தால் முதுமலை போய் வனத்துறை வேனில் ஏறி யானையையும் காட்டெருமையையும் படம் எடுக்கிறோம். வசதி உள்ளவர்கள் கென்யா, தென்னாப்பிரிக்கா என்று சபாரி போய் வருகிறார்கள்.

நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் இதில் ஒரு விஷயத்தை நாம் கவனிப்பதில்லை. விலங்கின் படத்தை யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். அதை எடுத்த இடத்தை எல்லோருக்கும் காட்டக் கூடாது. இதுதான் என் கருத்து.

பைலுக்குள் என்ன இருக்கிறது?

டிஜிட்டல் போட்டோ என்பது வெறும் படம் அல்ல. படத்துடன் சில தகவல்களும் அதே பைலில் பதிவாகின்றன. இதனை எக்ஸிப் தகவல் என்பார்கள். எடுத்த தேதி, நேரம், கேமராவின் மாடல், ஷட்டர் வேகம் எல்லாம் இதில் இருக்கும். மொபைல் போனில் லொகேஷன் வசதியை ஆன் செய்திருந்தால் இடமும் சேர்ந்துவிடும். ஜிபிஎஸ் உள்ள கேமராக்களும் இவ்வாறே செய்கின்றன.

இடம் என்றால் ஊர்ப் பெயர் அல்ல, எண்கள். 11.22, 78.17 என்றால் நாமக்கல் நகரம். புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் இருந்தால் சுமார் ஒரு கிலோமீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடலாம். நான்கு இலக்கம் இருந்தால் சுமார் 11 மீட்டர். போட்டோவில் பதிவாகும் எண்களில் நான்குக்கும் மேற்பட்ட இலக்கங்கள் இருப்பதுண்டு. திறந்த வெளியில் எடுத்த படம் என்றால் எந்த மரம், எந்தப் பாறை என்று நேராகப் போய் நின்றுவிடலாம்.

யாருக்கு இந்த இடம் தேவை?

2014ல் தென்னாப்பிரிக்காவின் சபாரிப் பகுதி ஒன்றில் வைக்கப்பட்டிருந்த அறிவிப்பின் படம் இன்டர்நெட்டில் உலகம் முழுவதும் பரவியது. காண்டாமிருகத்தைப் படம் எடுப்பவர்கள் போனில் இடம் பதிவாகும் வசதியை நிறுத்துங்கள், எங்கே எடுத்தது என்று சொல்லாதீர்கள் என்பதே அந்த அறிவிப்பு. கொம்புக்காகக் கொல்பவர்கள் சுற்றுலாப் பயணிகளின் படங்களைப் பார்த்து இடம் கண்டுபிடிக்கலாம் என்ற பயமே காரணம்.

நம் நாட்டிலும் இதற்கு நெருக்கமான ஒரு சம்பவம் உண்டு. 2013ல், மத்தியப் பிரதேசத்தின் பன்னா பகுதிப் புலி ஒன்றுக்கு ஜிபிஎஸ் காலர் மாட்டியிருந்தார்கள். அதன் தகவல்கள் வந்து சேரும் விஞ்ஞானியின் இமெயில் கணக்கை யாரோ திறக்க முயன்றது தெரிய வந்தது. முயற்சி பலிக்கவில்லை. முயன்றவர் யாராக இருந்தாலும், ஒரு புலி இருக்கும் இடம் என்பது பாஸ்வேர்டு போட்டுப் பூட்ட வேண்டிய தகவல் என்பதை அந்தச் சம்பவம் காட்டியது.

காண்டாமிருகமும் புலியும் நம் சமவெளியில் இல்லையே, நமக்கு எதற்கு இந்தக் கவலை என்று கேட்கலாம். நம் பக்கத்தில் மண்ணுளிப் பாம்பு இருக்கிறது. அதிர்ஷ்டம், மருந்து என்று புரளி கிளப்பி, இந்த அப்பாவிப் பாம்பை லட்சக்கணக்கில் விலை பேசும் புரோக்கர்கள் இருக்கிறார்கள். நட்சத்திர ஆமையை வளர்ப்புக்காகக் கடத்துகிறார்கள். ஆந்தையை மாந்திரீகத்திற்காகப் பிடிக்கிறார்கள். தேவாங்கிற்கும் இதே கதிதான். தேவாங்கிற்காகவே கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் சரணாலயத்தைத் தமிழக அரசு 2022ல் அறிவித்தது. காவிரியைத் தாண்டினால் கரூர், நமக்குப் பக்கத்து மாவட்டம்.

உள்ளூர்க்காரனுக்குத் தெரியாத இடமா, அவன் எக்ஸிப் பார்த்தா பாம்பு பிடிக்கப் போகிறான் என்று என் நண்பர்கள் கேட்பதுண்டு. உண்மைதான். ஆனால் வாங்கவும் விற்கவும் வெளியூரிலிருந்து வருபவருக்கு உள்ளூர் தெரியாது. அவருக்கு வழி காட்டும் வேலையை நம் படம் செய்யக் கூடாது.

கெட்ட எண்ணமே இல்லாதவர்களாலும் ஆபத்து வரும். ராசிபுரம் பக்கத்தில் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியில் கொம்பன் ஆந்தை குஞ்சு பொரித்திருந்தது. யாரோ எடுத்த படம் மேப் லிங்க்குடன் குரூப்பில் வந்தது. அடுத்த ஞாயிறு அங்கே பன்னிரண்டு பைக்குகள் நின்றன. வந்த எல்லோரும் பறவைகளை நேசிப்பவர்கள்தான். ஆனால் ஆட்கள் நிற்கும் வரை தாய் ஆந்தை குஞ்சுகளிடம் வராது. குஞ்சு வெயிலில் பசியோடு கிடக்கும்.

என்ன செய்ய வேண்டும்?

இடத் தகவலை அடியோடு அழித்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எந்தப் பறவை, எந்தத் தேதியில், எங்கே இருந்தது என்பது ஆராய்ச்சிக்கு மிகவும் பயன்படும் தகவல். எனவே ஒரிஜினல் பைலில் கை வைக்காதீர்கள். தேதியும் இடமும் கொண்ட போல்டர் பெயரில் ஒரிஜினலைக் கம்ப்யூட்டரில் வையுங்கள். வெளியில் எடுத்து வைக்கும் ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும் ஒரு காப்பி இருக்கட்டும். கேமராவின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கடிகாரம் தவறினால் பதிவாகும் நேரமும் தவறாகிவிடும்.

பிறருக்குத் தருவது தனிக் காப்பியாக இருக்க வேண்டும். விண்டோஸில் போட்டோ பைல் மீது ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுங்கள். கிடைக்கும் விண்டோவில் டீடெய்ல்ஸ் டேப் கிளிக் செய்திடுங்கள். ஜிபிஎஸ் என்ற தலைப்பு இருந்தால் இடம் பதிவாகியுள்ளது என்று பொருள். கீழே ரிமூவ் ப்ராப்பர்ட்டீஸ் அண்ட் பெர்சனல் இன்பர்மேஷன் என்று ஒரு வரி இருக்கும். அதில் கிளிக் செய்து, தகவல்கள் நீக்கப்பட்ட காப்பி ஒன்றை உருவாக்கும் முதல் ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். அதே போல்டரில் புதிய காப்பி வந்துவிடும். ஒரிஜினல் அப்படியே இருக்கும்.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் இந்தத் தகவல் நீங்கிவிடும். ஆனால் தெளிவாக இருக்க வேண்டும் என்று டாகுமெண்ட்டாக அனுப்பினால் முழுவதும் போய்ச் சேரும். இமெயில், பென் டிரைவ் ஆகியவற்றிலும் இதே கதைதான். இவ்வளவும் செய்துவிட்டு, படத்தின் கீழே "இன்ன ஊர், இன்ன கோவிலுக்குப் பின்புறம்" என்று நீங்களே எழுதினால் எந்த சாப்ட்வேரும் காப்பாற்றாது. நாமக்கல் மாவட்டம் என்று மட்டும் எழுதுங்கள். அது போதும்.

பதிவு பயன்பட வேண்டுமா? கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002ல் தொடங்கிய இ-பேர்ட் தளத்தில் பறவைகளைப் பதியலாம். ஆபத்தில் இருக்கும் சில பறவைகளின் சரியான இடத்தை அது பொதுமக்களுக்குக் காட்டாமல் மறைத்து வைக்கிறது. மற்ற உயிரினங்களுக்கு ஐநேச்சுரலிஸ்ட் தளம் உண்டு. அங்கே இடத்தை மறைக்கும் வசதியை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். கூட்டைப் பொறுத்தவரை என் கருத்து கறாரானது. கூட்டின் படம் கம்ப்யூட்டரிலேயே இருக்கட்டும், குஞ்சு பறந்து போன பிறகு வெளியிடலாம்.

நம் வீட்டு முகவரியை முன்பின் தெரியாதவர்கள் கேட்டால் யோசித்துத்தான் தருகிறோம். ஆந்தைக்கும் ஆமைக்கும் அந்தப் பொந்தும் புதரும்தான் வீடு. தன் முகவரியைக் கொடுக்காதே என்று சொல்ல அவற்றால் முடியாது. கேமரா வைத்திருக்கும் நாம்தான் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.