விதை அழியாமல் விதையை அறிவோம்

ஒரு விதை முளைக்குமா என்பதை அறிய, அதை முளைக்க வைத்துப் பார்ப்பதைவிட நம்பகமான வழி இன்றும் இல்லை. ஆயின், முளைத்த விதை மீண்டும் குதிருக்குத் திரும்புவதில்லை.

விதைப் பரிசோதனை நிலையங்களில் 400 நெல்மணிகளை நூறு நூறாகப் பிரித்து முளைக்கவிட்டு, 14ஆம் நாள் இறுதியாக எண்ணுகின்றனர். சான்று விதைக்கு முளைப்புத்திறன் 80 விழுக்காடேனும் வேண்டும். டெட்ரசோலியம் சோதனை இதைவிட விரைவானது. ஆனால் விதையைப் பிளந்து, உயிருள்ள கரு சிவப்பதைப் பார்க்கும் முறை அது. மூட்டை மூட்டையாக விற்கும் இரகத்திற்கு 400 மணிகள் ஒரு பொருட்டல்ல. சில நூறு மணிகளே எஞ்சிய பழைய இரகத்திற்கோ, சோதனையே சாவாகிவிடும்.

நம் உழவர் அறிந்த உப்புநீர் முறையில் இந்த இழப்பு இல்லை. நல்ல நீரில் மூழ்கும் புதிய கோழிமுட்டை, உப்பைக் கரைக்கக் கரைக்க மேலெழுந்து, நாணய அளவிற்கு வெளியே தெரியும். அப்பொழுது முட்டையை எடுத்துவிட்டு நெல்லை இட்டால், பதரும் முற்றாத மணிகளும் மிதக்கும். முற்றியவை அடியில் தங்கும். இரண்டு மூன்று முறை கழுவி விதைக்கலாம். (கழுவுவதில் சோம்பல் கூடாது, உப்பு முளையைக் கெடுக்கும்.) இம்முறையைப் பாமரர் வழக்கமென ஒதுக்கும் தாவரவியல் வகுப்பறைகள், எடையடர்த்தி பற்றிய நல்லதொரு பாடத்தை இழக்கின்றன என்பதே நம் கருத்து.

எனினும் இம்முறைக்கும் எல்லையுண்டு. சேமிப்பில் உயிரிழந்த கனத்த விதையும் மூழ்கத்தான் செய்யும். ஊடுகதிர்ப் படமும் அத்தகையதே: உள்ளீடற்ற விதையையும் பூச்சி குடைந்த விதையையும் பிளக்காமலே காட்டும், நன்கு நிறைந்த விதையில் உயிர் உண்டா என்று மட்டும் பெரும்பாலும் சொல்லாது.

முதிர்ச்சியை அளக்க இன்னொரு வழி பிறந்தது. விதை முற்ற முற்ற அதன் பச்சையம் குறைகிறது. விதைமீது ஒளியைப் பாய்ச்சினால் எஞ்சிய பச்சையம் ஒளிரும். அவ்வொளிர்வு மிகுந்தால் முதிர்ச்சி குறைவு. நெதர்லாந்து ஆய்வாளர் 1998இல் முட்டைக்கோசு இன விதைகளில் இதனை நிறுவிக் காட்டினர். கண்ணுக்கு ஒன்றுபோல் தோன்றும் விதைகளையும் இம்முறை பிரித்தறியும்.

இத்தகைய கருவிகள் பெருநிறுவனங்களின் தரம்பிரிப்புக் கூடங்களோடு நின்றுவிடுதல் தகாது. பழைய இரகத்தைப் பேணும் ஓர் உழவர் 10 கிராம் விதையைக் கொண்டுவந்தால், முடிவோடு அந்த 10 கிராமையும் திரும்பப் பெற்றுச் செல்லும் வசதி நம் பரிசோதனை நிலையங்களில் வேண்டும்.