முகத்துத் தழும்புக்கு லேசரா? முன்பணம் கட்டும் முன் படியுங்கள்



கூலாய்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர். வயது 24. கடிதத்தில் இருப்பதை அப்படியே தருகிறோம்:

“பையனுக்குப் படிக்கிற வயசுல வந்த பரு, மூஞ்சி பூரா பள்ளம் பள்ளமா நின்னுபோச்சுங்க. நல்லது கெட்டதுக்குக் கூப்பிட்டாலும் வர்றதில்ல. கல்யாணப் பேச்சை எடுத்தா எழுந்து போயிடுறான். தேக்காவுல ஒரு அழகு நிலையத்துல லேசர் அடிச்சா சுத்தமாப் போயிடும், பத்துத் தடவைக்கு மொத்தமா முன்பணம் கட்டுன்னு சொல்றாங்களாம். கடன் வாங்கியாவது கட்டப் போறேங்கிறான். கட்டலாமாங்க?”

நம் பதில் ஒரே வரிதான்: இப்போது கட்ட வேண்டாம் அம்மா. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த மாதம் இந்தப் பகுதி.

இது ஆடம்பரமா?

இந்தக் கடிதத்தைப் படித்த மூத்த தோழர் ஒருவர், “சம்பளப் பிரச்சினை இருக்கு, வீட்டுப் பிரச்சினை இருக்கு. மூஞ்சி அழகுக்கா சங்கப் பத்திரிகையில் இடம்?” என்று கேட்டார். அவர் மீது நமக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் சொல்வதை ஏற்க முடியவில்லை.

ஒரு காலத்தில் லயத்துக்கு நாலு பேர் முகத்திலாவது அம்மைத் தழும்பு இருந்தது. பெரியம்மையில் பிழைத்து வந்தவர்கள் என்று ஊர் அவர்களை ஏற்றுக்கொண்டது. பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்தது என்று 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இன்று தழும்பு முகத்தோடு நேர்முகத் தேர்வுக்குப் போகிற பிள்ளை அந்த அறையில் தனி ஆள். குனிந்த தலை நிமிர்வதில்லை. பருவும் தழும்பும் மனச்சோர்வைக் கொண்டுவரும் என்பது தோல் மருத்துவர்கள் நன்கு அறிந்த விஷயம்.

இன்னொன்றும் உண்டு. பட்டறையில் இயந்திர எண்ணெயில் நனைந்த உடுப்போடு நாள் முழுக்க நிற்பவருக்கு எண்ணெய்ப் பரு வரும். தலைக்கவச வார் தாடையில் உரசிக்கொண்டே இருந்தால் அந்த இடத்தில் பரு வெடிக்கும். இதையெல்லாம் அழகுப் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது. இது வேலை கொடுத்த நோய். தொழில் காரணமாக வரும் தோல் நோய்கள் சிங்கப்பூர்ச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலும் இடம் பெற்றவை. ஆகவே வேலையில் சேர்ந்த பிறகு பரு வந்தவர்கள், என்ன வேலை, என்ன எண்ணெய் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

முதலில் பரு நிற்கட்டும்

கூரை ஒழுகும்போது சுவருக்கு வெள்ளையடித்துப் பயனில்லை. புதிய பரு வந்துகொண்டிருக்கும் முகத்தில் தழும்புக்குச் செலவு செய்வதும் அப்படித்தான். பழைய பள்ளத்தைச் சரிசெய்யும்போதே பக்கத்தில் புதுப்பள்ளம் விழும்.

பருவை அடக்க நல்ல மருந்துகள் உண்டு. பென்சாயில் பெராக்சைடு, அடபலீன் போன்ற பூச்சு மருந்துகள் விலை அதிகமில்லை. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் என்ற மாத்திரை இருக்கிறது. இதை டாக்டர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும். கர்ப்பத்தில் இருக்கும் குழந்தைக்கு இது பெருங்கேடு செய்யும். எனவே பெண்கள் டாக்டரிடம் முழு விவரமும் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

கிள்ளாதீர்கள், பிதுக்காதீர்கள். எலுமிச்சம் பழத்தைப் பிழிந்து முகத்தில் தடவிக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். தோல் வெந்து கருத்துப் போகும். கடைத்தெருவில் விற்கும் பெயர் தெரியாத ‘வெள்ளை கிரீம்’ வேண்டவே வேண்டாம். இப்படிப்பட்ட கிரீம்களில் பாதரசமும் ஸ்டீராய்டும் கலந்திருப்பதைச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு முதல் வாரம் முகத்தைப் பளபளப்பாக்கும். நாளடைவில் தோலை மெலிய வைத்து, இருந்த பருவை இரட்டிப்பாக்கிவிடும்.

கறையா, பள்ளமா?

நம்மவர்கள் பலர் ‘தழும்பு’ என்று சொல்வது தழும்பே அல்ல. பரு ஆறிய இடத்தில் நிற்கும் கருப்புக் கறைதான். இதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். இரவில் கண்ணாடி முன் நின்று கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடியுங்கள். நிழல் விழுந்தால் பள்ளம். நிழல் இல்லாமல் நிறம் மட்டும் தெரிந்தால் கறை. கறைக்கு லேசர் தேவையில்லை. வெயில் படாமல் பார்த்துக்கொண்டு, டாக்டர் தரும் பூச்சு மருந்தைப் போட்டு வந்தால் மாதக்கணக்கில் மெல்ல மங்கும். சும்மா இருந்தாலே மங்கக்கூடிய கறைக்கு ஆயிரக்கணக்கில் அழுதவர்களும் உண்டு.

பள்ளம் என்றால் அதிலும் மூன்று வகை. ஊசி குத்தியதுபோல் குறுகி ஆழமாக இறங்கியது ஒன்று. பெட்டிபோல் விளிம்பு செங்குத்தாக நிற்பது ஒன்று. அலைபோல் மேடும் பள்ளமுமாகப் பரந்து கிடப்பது மூன்றாவது. ஒரே முகத்தில் மூன்றும் கலந்திருக்கும். “எல்லாத்துக்கும் ஒரே மெஷின்” என்று ஒருவர் சொன்னால், அவர் உங்கள் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

ஊசிப் பள்ளத்துக்கு அதன் அடியில் மட்டும் அமிலத்தைத் துளியாக வைக்கும் முறை உண்டு. டாக்டர்கள் ‘டி.சி.ஏ. கிராஸ்’ என்பார்கள். சிலவற்றைச் சிறு வெட்டாக எடுத்துத் தைத்தும் விடுவார்கள். அலைப் பள்ளத்தில் தோலுக்கு அடியில் நார் ஒன்று வேர்போல் கீழே பிடித்து இழுக்கிறது. ஊசியை உள்ளே விட்டு அந்த நாரை அறுத்துவிட்டால் தோல் மேலே எழும்பும். இதற்கு ‘சப்சிஷன்’ என்று பெயர். ஒரு வாரம், பத்து நாள் முகம் கன்றிப்போய் இருக்கும். நுண்ணூசிகளால் தோலைக் குத்தி, உடம்பே புதுக் கொலாஜனை உண்டாக்கும்படி தூண்டுவது இன்னொரு முறை. இதில் சூடு இல்லாததால் கருத்த தோலுக்குப் பயம் குறைவு. பெட்டிப் பள்ளத்துக்கும் அலைப் பள்ளத்துக்கும் லேசர் உதவும்.

தாடையிலும் நெஞ்சிலும் பள்ளத்துக்குப் பதிலாக மேடாகத் தடித்துப்போன தழும்பு இருந்தால், அது வேறு வியாதி. அதைக் குத்தினாலும் சுட்டாலும் இன்னும் பெரிதாகலாம். அதற்குப் பெரும்பாலும் தழும்புக்குள் போடும் ஊசி மருந்துதான் வைத்தியம்.

லேசர் என்ன செய்கிறது?

லேசரை நாம் குறை சொல்ல வரவில்லை. தழும்புக்குப் பயன்படும் கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தவரே மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல் என்ற விஞ்ஞானிதான். அந்த ஒளி தோலில் உள்ள நீரைக் கொதிக்க வைத்து மேல்தோலை ஆவியாக்குகிறது. ஆரம்பத்தில் தோல் முழுவதையும் உரித்தார்கள். ஆற வாரக்கணக்கானது, ஆபத்தும் அதிகம். 2004-ல் அமெரிக்க மருத்துவர்கள் புது வழி ஒன்றை வெளியிட்டார்கள். நிலம் முழுவதையும் புரட்டாமல் கன்று நடக் குழி மட்டும் தோண்டுகிறோமே, அதுபோல லேசரைப் புள்ளி புள்ளியாக இறக்குவது. இடையில் விட்ட நல்ல தோல், குழியைச் சீக்கிரம் ஆற்றிவிடும். இன்று ‘பிராக்ஷனல்’ லேசர் என்பது இதுதான்.

ஆனால் நம் தோல் கருத்த தோல். சூடு பட்டால் அது கோபித்துக்கொண்டு மேலும் கருப்பைக் கொட்டும். பள்ளத்தைச் சரிசெய்யப் போனவர் முகத்தில் கட்டம் கட்டமாகக் கருமையோடு திரும்பி வருவது இதனால்தான். பெரும்பாலும் அது மாதங்களில் மங்கும். ஆனால் அந்த மாதங்களை அனுபவிப்பவருக்குத்தான் அதன் அருமை தெரியும். நம் நிறத்துக்கு லேசரே கூடாது என்பதில்லை. சக்தியைக் குறைத்து, புள்ளிகளை அகலவிட்டு, காதோரம் ஒரு சிறு இடத்தில் சோதித்துப் பார்த்து, நிதானமாகச் செய்யத் தெரிந்த கை வேண்டும்.

செய்த பிறகு வெயில் ஆகாது. இங்கேதான் உழைப்பாளிக்கும் மற்றவருக்கும் வித்தியாசம். குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பவர் ஒரு வாரம் முகத்தை மறைத்துக்கொள்ளலாம். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் நிற்கும் நம் பிள்ளை மறுநாளே வெயிலுக்குப் போனால், கொடுத்த காசும் போச்சு, முகமும் போச்சு. ஆகவே செலவுக் கணக்குப் போடும்போது லேசர்க் கட்டணத்தை மட்டும் போடாதீர்கள். வேலைக்குப் போகாத நாள் சம்பளம், வெயில் தடுப்புப் பூச்சு, திரும்பத் திரும்பப் போகும் செலவு எல்லாவற்றையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு தடவைக்கே பல நூறு வெள்ளி ஆகும். பல தடவை தேவைப்படும். எல்லாம் முடிந்த பின்னும் தழும்பு ஆழம் குறையுமே தவிர, முழுக்க மறையாது. “சுத்தமாப் போயிடும்” என்பவர் டாக்டரல்ல, வியாபாரி.

எங்கே போவது?

சிங்கப்பூரில் தோலுக்கென்றே அரசு சார்ந்த தேசியத் தோல் மையம் மண்டலே சாலையில் இருக்கிறது. பழைய மிடில் ரோடு மருத்துவமனையின் பணியை ஏற்று 1988-ல் தொடங்கியது. தேக்காவிலிருந்து தூரமில்லை. பலதுறை மருந்தகத்தில் கடிதம் வாங்கிப் போனால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பரு வைத்தியத்துக்குச் சலுகைக் கட்டணம். அழகுக்கான சிகிச்சைக்கு மெடிசேவ் பணத்தை எடுக்க முடியாது. வேலை அனுமதியில் போய் வருகிறவர்களுக்குச் சலுகை கிடையாது. அவர்களுக்கு நாம் சொல்வது: இந்தப் பக்கமே, அரசாங்க கிளினிக்கில் கடிதம் வாங்கி ஜொகூர் பாரு சுல்தானா அமினா மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். குறைந்த செலவில் பரு அடங்கும். எந்த வகைத் தழும்பு என்பதும் தெரிந்துவிடும்.

தனியாரிடம் போவதாக இருந்தால், கையில் சாதனத்தைப் பிடிக்கப் போகிறவர் யார் என்று கேளுங்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டவரெல்லாம் டாக்டர் அல்ல. டாக்டரெல்லாம் தோல் நிபுணரும் அல்ல. சிங்கப்பூரில் ‘அழகு மருத்துவம்’ என்பது அங்கீகரிக்கப்பட்ட நிபுணத்துறை அல்ல. தோல் மருத்துவம்தான் நிபுணத்துறை. சிங்கப்பூர் மருத்துவ மன்றப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். கைப்பேசி இருந்தால் போதும். அழகுச் சிகிச்சை செய்யும் டாக்டர்களுக்கு 2008-லேயே அங்கே நெறிமுறை வகுத்தார்கள். அப்படியொரு கட்டுப்பாடு தேவைப்பட்டது என்பதிலிருந்தே நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

கூச்சப்படாமல் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்: என் தழும்பு எந்த வகை? இதற்கு லேசரை விட்டால் வேறு வழி என்ன? என் நிறமுள்ளவர்களுக்குச் செய்து பழக்கம் உண்டா? எத்தனை நாள் வெயிலில் போகக்கூடாது? கருத்துப் போனால் என்ன செய்வீர்கள்? ஒவ்வொரு தடவையும் தனியாகக் காசு கட்டலாமா? இதற்குப் பதில் சொல்லச் சலித்துக்கொள்கிற இடத்தில் காலை வைக்காதீர்கள்.

முன்பணம் என்னும் கண்ணி

நமக்குத் தெரிந்த ஒரு பெண்பிள்ளை, தொழிற்சாலையில் வேலை. “இன்னிக்கு மட்டும்தான் இந்த விலை” என்று இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பேச, மூன்று மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கட்டிவிட்டார். இரண்டாம் தடவையிலேயே கன்னம் கருத்தது. “நிறுத்திக்கிறேன், மீதியைக் குடுங்க” என்று கேட்டால், “காசு திரும்பாது, வேணும்னா வேற பேசியல் பண்ணிக்க” என்றார்களாம். அட்வான்ஸ் கொடுத்துக் கட்டிப்போட்ட கங்காணிமார் கதை நம் தாத்தாக்களுக்குத் தெரியும். அன்று அட்வான்ஸ் வாங்கியவர் மாட்டிக்கொண்டார்; இன்று கொடுத்தவர் மாட்டிக்கொள்கிறார்.

ஏமாந்தவர்கள் அழுதுகொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் 1971-ல் தொழிற்சங்க இயக்கத்தின் முயற்சியால் பிறந்தது. அங்கே புகார் கொடுக்கலாம். அதிலும் தீராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான வழக்கை வக்கீல் இல்லாமலே பேசலாம். ரசீதும் ஒப்பந்தத் தாளும் பத்திரம். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் முகத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூலாய்த் தாய்க்கு

அம்மா, உங்கள் மகன் வைத்தியம் பார்த்துக்கொள்ள ஆசைப்படுவதில் தவறில்லை. அவரைத் திட்டாதீர்கள். “மூஞ்சியில என்ன இருக்கு” என்று சொல்லித் தள்ளவும் வேண்டாம். கடன் மட்டும் வேண்டாம். முதலில் ஒரு தோல் டாக்டரிடம் காட்டுங்கள். பரு நிற்கட்டும், கறை மங்கட்டும். மிச்சம் நிற்பது என்ன வகைப் பள்ளம் என்று தெரிந்த பிறகு, சிறிய வைத்தியத்திலிருந்து தொடங்கலாம். லேசர் தேவை என்று அந்த டாக்டரே சொன்னால், விடுப்பு எடுக்க வசதியான மாதம் பார்த்து, ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனியாகக் காசு கட்டிச் செய்யட்டும்.

சங்கக் கிளைத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பதினைந்து வயதில் பருவோடு வரும் பிள்ளையைப் பார்த்து “வயசுக் கோளாறு, தானாப் போயிடும்” என்று அனுப்பிவிடாதீர்கள். அப்போதே கிளினிக்குக்கு அனுப்பிப் பூச்சு மருந்து வாங்கிக் கொடுத்தால், பத்து வருஷம் கழித்து லேசருக்குக் கடன் கேட்டு யாரும் நம் வாசலில் நிற்க மாட்டார்கள்.