எந்தச் சந்தையில் கடை விரிப்பது?

சந்தைக்குப் பொருள் கொண்டு செல்லும் வியாபாரி, அன்று எந்த ஊரில் சந்தை கூடுகின்றது, அங்கு வருவோர் எவர், எதை வாங்குவர் என்று விசாரித்தறிந்த பின்னரே மூட்டையை வண்டியில் ஏற்றுவார். ஆனால், சமூக ஊடகங்களில் தமது பொருளை விளம்பரப்படுத்த முற்படும்போது மாத்திரம் இந்த விசாரிப்பை அவர் கைவிட்டு விடுகின்றார். அயலவர் டிக்டொக்கில் காணொளி வெளியிடுகின்றார் என்பதற்காகத் தாமும் வெளியிடுவதும், பிள்ளைகள் தொடங்கிக் கொடுத்தார்கள் என்பதற்காக இன்ஸ்டகிராமில் படம் போடுவதுமாகவே எமது சிறு வணிகர்கள் பலரது முயற்சி அமைந்துள்ளது.

ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சுபாவம் உண்டு. மருதமுனைக் கைத்தறிச் சேலையின் நிறத்தையும் கரையையும் கண்ணால் கண்டே வாங்குவர். அதற்குப் படங்களை முதன்மைப்படுத்தும் இன்ஸ்டகிராமும் பேஸ்புக்கும் பொருந்தும். நீரிறைக்கும் இயந்திரம் திருத்துபவர் யூடியூபில் இடும் விளக்கக் காணொளியை, ஆண்டுகள் கடந்தும் ஒருவர் தேடிப் பார்க்கக்கூடும். மதிய உணவுப் பொதி விற்கும் குடும்பப் பெண்ணுக்கோ உலகம் முழுவதும் தேவையில்லை; சுற்றுவட்டாரத்தில் உள்ளோரின் வட்ஸ்அப் இலக்கங்களே போதுமானவை. பனங்கட்டியையும் ஒடியல் மாவையும் கனடாவிலும் இலண்டனிலும் உள்ள உறவுகளுக்கு அனுப்ப விரும்புபவர், அவர்கள் கூடும் பேஸ்புக் குழுமங்களையே முதலில் நாட வேண்டும். வாங்குபவர் எங்கே இருக்கின்றார் என்பதே முதற் கேள்வி. எது பிரபலம் என்பது அதற்கு அடுத்ததேயாகும்.

எனினும், இலங்கையில் வாழும் எமக்கு இன்னுமொரு கேள்வியும் உண்டு. அந்தத் தளம் நாளை திறந்திருக்குமா என்பதே அது. 2018 மார்ச்சில் திகன வன்முறைகளின்போது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் என்பன முடக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களின் பின்னர் மீண்டும் முடக்கம் வந்தது. அது நீக்கப்பட்டு இரு வாரங்கள் செல்வதற்குள், நோன்பு காலத்தில், முஸ்லிம் வர்த்தகர்கள் பெருநாள் வியாபாரத்துக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்த வேளையில், மே 13 ஆம் திகதி மறுபடியும் தடை விதிக்கப்பட்டது. சித்திரைப் புத்தாண்டு நெருங்கியிருந்த 2022 ஏப்ரல் 3 ஆம் திகதியும் அதுவே நிகழ்ந்தது. அண்டை நாடான இந்தியாவில் 2020 ஜூனில் டிக்டொக் தடைசெய்யப்பட்டபோது, அதனையே நம்பியிருந்தோர் தாம் சேர்த்த பார்வையாளர்களை ஒரே நாளில் இழந்தனர்.

தளத்தின் உரிமையாளரும் தமது விருப்பப்படி விதியை மாற்றலாம். 2018 ஜனவரியில், நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கே முன்னுரிமை வழங்கப்படும் என பேஸ்புக் அறிவித்தது. வணிகப் பக்கங்கள் இலவசமாகச் சென்றடையும் எல்லை அதனால் சுருங்கியது. மூன்று தளங்களில் இருக்கின்றோம் என்ற நிம்மதியும் சில வேளைகளில் மாயையே. பேஸ்புக், இன்ஸ்டகிராம், வட்ஸ்அப் ஆகிய மூன்றும் ஒரே நிறுவனத்தின் சொத்து. 2021 ஒக்டோபர் 4 ஆம் திகதி அவை மூன்றும் உலகெங்கும் ஒருசேர ஆறு மணித்தியாலங்கள் வரை செயலிழந்தன.

வாடிக்கையாளரைக் கொண்டு வந்து சேர்க்கும் அதே தளம், வாடிக்கையாளரை விரட்டவும் வல்லது என்பதை முஸ்லிம் வர்த்தகர்கள் அனுபவத்தில் அறிவர். அவர்களது கடைகளைப் பகிஷ்கரிக்குமாறு கோரும் பதிவுகள் 2019 இல் இத்தளங்களிலேயே பரவின. 2018 வன்முறைகளில் தனது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டமைக்காக பேஸ்புக் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது. எனினும், எரிந்துபோன கடைகளுக்கு அந்த மன்னிப்பு ஈடாகுமா?

இவற்றைக் கூறுவதால் சமூக ஊடகங்களை ஒதுக்கிவிட வேண்டும் என்பது எமது கருத்தல்ல. கொழும்பிலே கடைக்கு முற்பணம் செலுத்த வசதியற்ற கிளிநொச்சிப் பெண்ணுக்கும் காத்தான்குடி இளைஞருக்கும் இவை திறந்துவிட்ட கதவு பெரியது. ஆயினும், அது பிறர் காணியில் போட்ட கொட்டில் என்பதை மறந்துவிடலாகாது. பொருளுக்கும் வாடிக்கையாளருக்கும் ஏற்ற ஒரு தளத்தைத் தெரிவுசெய்து அதில் ஒழுங்காக உழைப்பதும், வேறொரு நிறுவனத்துக்குரிய இன்னொரு தளத்தைத் துணையாக வைத்திருப்பதும் விவேகமானது. அனைத்துக்கும் மேலாக, வாங்குவோரின் சம்மதத்துடன் அவர்களது பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் தமது கொப்பியொன்றில் எழுதி வைத்திருப்பது அவசியம். தளம் முடங்கும் நாளில் அந்தக் கொப்பியே கடையாகும்.

இந்த அறிவைத் தமிழ் மொழியில், செய்முறையாகக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு வர்த்தக சங்கங்களுக்கும் பிரதேச செயலகங்களுக்கும் உண்டு. விளம்பரம் செய்யக் கற்பிப்பதுடன் நின்றுவிடாது, விளம்பரம் நின்றுபோகும் நாளுக்கு ஆயத்தமாகவும் அவை கற்பிக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.