‘சின்னச் சின்ன வேலைதான் பாக்கி!’

2025 அக்டோபரில் ஒரு கார் வித்தேன் மக்களே. 1965 மாடல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, ரெண்டு கதவு. ‘ஆஹா, வின்டேஜ் பார்ட்டி!’ன்னு விசிலடிக்க வேணாம். நான் வித்த அன்னிக்கு அந்தக் காருக்கு நாலு சக்கரமும் இருந்துச்சு... ஆனா ஒண்ணுகூட கார்ல இல்ல. இன்ஜின் ஒரு மூலையில், பானெட் சுவத்தில் சாய்ஞ்சபடி, மிச்சமெல்லாம் பதினோரு அட்டைப் பெட்டி, ஆறு ஹார்லிக்ஸ் பாட்டிலில். தாம்பரத்தில் பெரியப்பா வீட்டுக் கொல்லை ஷெட்டில் நாலு வருஷமா இதுதான் நிலைமை.

ஹெரால்டுன்னா என்னன்னு கேட்கிற 2கே தம்பி, தங்கைகளுக்கு ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்ட்... நம்ம தாத்தா காலத்தில் இந்தியாவில் கார் வாங்கணும்னா சாய்ஸ் கிட்டத்தட்ட இவ்வளவுதான். அதில் மூணாவது ஆள் நம்ம ஊர்க்காரன். ‘ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா’ கம்பெனியின் ஃபேக்டரி வண்டலூர் பக்கம் இருந்தது. 1961-லேர்ந்து அங்கே ஹெரால்டு தயாரானது. 948 சிசி இன்ஜின். இத்தாலிக்காரர் ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைஞ்ச உடம்பு. 25 அடி வட்டத்துக்குள் யூ டர்ன் அடிக்கும். இன்னிக்கு ஷேர் ஆட்டோக்காரரே பொறாமைப்படுவார். 1988-ல் கம்பெனி உற்பத்தியை மூடிட்டாங்க.

இந்தக் காருக்கு ஒரு விசேஷம் உண்டு. என்னைக் கவுத்ததும் அதுதான்.

இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் பேரில் இதை உருவாக்கினவங்களுக்கு பாடி செஞ்சு கொடுத்துக்கிட்டிருந்த கம்பெனியை, 1953-ல் போட்டி கம்பெனி ஒண்ணு வாங்கிப் போட்டுடுச்சு. முழு பாடியை ஒரே துண்டா செஞ்சு கொடுக்க ஆளில்லை. அதனால, தனியா ஒரு சேசிஸ், அதுக்கு மேல துண்டு துண்டா பாடி, எல்லாத்தையும் போல்ட்டு போட்டு முடுக்கிடலாம்னு முடிவு பண்ணாங்க. 1959-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த அறிமுக விழாவில், மேடையிலேயே சில நிமிஷத்தில் ஒரு காரைக் கோத்துக் காட்டினாங்களாம்.

அதாவது, ஹெரால்டை ஒரு ஸ்பேனர் செட்டும் ஒரு லாக்டவுனும் இருந்தா யார் வேணும்னாலும் கழட்டிடலாம்!

நான் அதைத்தான் செஞ்சேன்.

2021 ஜனவரியில் ஓடுற கண்டிஷனில் வாங்கினேன். இருமும், புகையும், ஆனா ஓடும். மே மாசம் ஊரடங்கு. ‘சும்மாதானே இருக்கோம், ஃபுல்லா ரெஸ்டோர் பண்ணிடுவோம்’னு ஆரம்பிச்சேன். அந்த கார்ல பானெட்டு, ரெண்டு பக்க மட்கார்டோட சேர்த்து முன்பக்கமா கவுந்து திறக்கும். முன் டயர் மேலயே ஜம்முனு உட்கார்ந்து இன்ஜின் வேலை பார்க்கலாம். பத்தே நாளில் கார் ‘பாகங்கள்’ ஆயிடுச்சு. ஒவ்வொரு போல்ட்டைக் கழட்டும்போதும் ஏதோ சாதிக்கிற மாதிரி ஒரு கிக். கழட்டறதும் வேலை முன்னேறுறதும் ஒண்ணுன்னு நினைச்ச பாருங்க... அங்கே விழுந்தது முதல் அடி.

ரெண்டாவது அடி, எதை முதல்ல செஞ்சேன்கிறதில். சேசிஸைத்தான் முதல்ல பார்க்கணும். அப்புறம் இன்ஜின், பிரேக். அப்புறம் டிங்கரிங், பெயிண்டிங். கடைசியா சீட்டு, பீடிங், பளபளா ஐட்டங்கள். எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் இதான் சொல்வார். நான் என்ன பண்ணேன்? முதல் செலவே ஸ்டீயரிங் பாலிஷ். அடுத்து சிவப்பு ரெக்ஸினில் சீட்டு. அடுத்து ஸ்பீடோமீட்டர் கண்ணாடி. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் ஒரு வரி கோடிங் எழுதறதுக்கு முன்னாடி பி.பி.டி-க்கு டெம்ப்ளேட் தேடுவோமே... அதே வியாதி! ஸ்டீயரிங் போட்டோவை வாட்ஸ்அப்பில் போட்டா அம்பது ஹார்ட்டின் விழும். சேசிஸுக்கு அடியில் படுத்து துருவைச் சுரண்டினா கண்ணில்தான் விழும்.

ரெக்ஸின் சீட்டை மூணாவது வருஷம் எலி தின்னுடுச்சு.

அப்போ ஏன் 2025-ல் திடீர்னு விக்கணும்? ஆர்.சி.! என் வண்டியின் ஆர்.சி. 2026 மார்ச்சோட முடியுது. பழைய தனியார் காருக்கு முதல் 15 வருஷம் போனபிறகு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்கணும். அதுக்கு வண்டியைக் கொண்டுபோய் ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டணும். பதினோரு அட்டைப் பெட்டியைக் கொண்டுபோய் எப்படிக் காட்டறது? போதாததுக்கு, 2025 ஆகஸ்ட்டில் 20 வருஷம் தாண்டின கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 10,000 ரூபாய் ஆக்கிட்டாங்க. ஆர்.சி. உயிரோட இருக்கும்போதே கைமாத்திடணும். இல்லேன்னா அது கார் இல்ல, காயலான் கடைச் சரக்கு.

விளம்பரம் எழுத உட்கார்ந்தேன். ‘ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, 90 சதவிகிதம் முடிந்தது, சின்னச் சின்ன வேலைதான் பாக்கி, எல்லா பார்ட்ஸும் உள்ளன.’

எழுதிட்டு நானே படிச்சேன். சிரிப்பு வந்துடுச்சு. ஏன்னா, பழைய கார் விளம்பரங்களை வருஷக்கணக்கா மேய்ஞ்சவன் நான். அதுக்குன்னு ஒரு தனி அகராதியே இருக்கு பாஸ்.

‘லேசான டிங்கரிங் வேலை’ன்னா, கதவை வேகமா சாத்தாதீங்க, கையோட வந்துடும்.

‘இன்ஜின் ஃப்ரீயா சுத்துது’ன்னா, சுத்தும், ஆனா ஸ்டார்ட் ஆகாது.

‘எல்லா பார்ட்ஸும் இருக்கு’ன்னா, எங்கே இருக்குன்னுதான் தெரியலை.

‘இடமில்லாததால் விற்பனை’ன்னா, வீட்டில் கடைசி எச்சரிக்கை வந்தாச்சு.

சரின்னு கிழிச்சுப் போட்டுட்டு ஒரு வெள்ளைத்தாளில் மூணு காலம் போட்டேன். முடிச்சது, இருக்கிறது, இல்லாதது. ‘முடிச்சது’ காலத்தில் ஸ்டீயரிங், ஸ்பீடோமீட்டர், கார்புரேட்டர்னு மூணே வரி. ‘இல்லாதது’ தாள் முடிஞ்சு பின்பக்கம் போச்சு. அதைப் பார்த்தப்போ செமஸ்டர் ரிசல்ட் பார்த்த மாதிரி வயிறு பிசைஞ்சுது. வாங்கினது 60 ஆயிரம். செலவு பண்ணது ஒண்ணே கால் லட்சம். ரெண்டையும் கூட்டி விலை சொல்லலாம்னு இருந்தேன். ஆனா வர்ற ஆள் என் பில்லையா வாங்கப் போறார்? எலி தின்ன சீட்டுக்கு அவர் ஏன் காசு தரணும்? ஒரு லட்சம்னு போட்டேன்.

முதல்ல வந்தவர் பார்ட்ஸ் வியாபாரி. ‘பானெட், கிளாஸ், கியர்பாக்ஸ் மட்டும் தாங்க, மிச்சத்தை எடைக்குப் போட்டுடுங்க’ன்னார்.

ரெண்டாவது ஆள் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. ‘ஆர்.சி-யும் நம்பர் பிளேட்டும் போதும். ஃபார்மில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்க, மத்ததை நாங்க பார்த்துக்கறோம்’னார். விலையில் பேரமே இல்லை. ஒரு லட்சம், கேஷ். அங்கேதான் எனக்கு உதறல். என் கார் நம்பரில் எந்தக் கார் ஓடப் போகுது? ஆர்.டி.ஓ. ரெக்கார்டில் யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர். வண்டியைக் கைமாத்திட்டாலும் பேர் மாத்தலைன்னா, விபத்து நஷ்டஈடு பதிவில் இருக்கிறவர் தலையில்தான்னு 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. உங்க பழைய பைக்கை ஜூனியருக்கு வித்துட்டு ஊருக்குப் போற ஃபைனல் இயர் மக்களே, இது உங்களுக்கும்தான்! ஃபார்ம் 29, ஃபார்ம் 30-ல் வெறும் கையெழுத்து போட்டுக் கொடுத்துட்டு பஸ் ஏறாதீங்க. வித்தவர் 14 நாளுக்குள், வாங்கினவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ-வுக்குத் தெரிவிக்கணும்கிறது சட்டம்.

மூணாவதா வந்தது ஒரு அப்பாவும் பையனும். பையன் மெக்கானிக்கல், மூணாவது வருஷம். அவன் முதல் ஆளா பெட்டியைத் திறக்கலை. குனிஞ்சு சேசிஸ் நம்பரைப் பார்த்தான். இன்ஜின் நம்பரைப் பார்த்தான். ஆர்.சி-யோட ஒத்துப் பார்த்தான். “ஒரிஜினல் இன்ஜின்தானாண்ணா?”ன்னான். விஷயம் தெரிஞ்ச பய! 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருஷம் தாண்டின வண்டியை ‘வின்டேஜ்’னு தனியா பதிவு பண்ணலாம். நம்பரில் ‘விஏ’ன்னு வரும். பத்து வருஷம் செல்லும். ஆனா தினசரி ஓட்டக் கூடாது. சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் பண்ணியிருக்கவும் கூடாது. வேற இன்ஜினைத் தூக்கி வெச்ச பல பழைய கார்களுக்கு அந்த வாசல் அடைச்சாச்சு. என் காருக்கு இருந்த ஒரே சொத்து அந்த 948 சிசி இன்ஜின்தான்.

பையன் கண்ணு மின்னுது. அப்பா பர்ஸைத் தடவிப் பார்க்கிறார். எனக்குள்ள ஒரு குரல்... ‘வாயை மூடிட்டு இரு.’

ஏன்னா, ஒரு விஷயம் பாக்கி இருந்துச்சு. சேசிஸிலேர்ந்து ரெண்டு பக்கமும் கை நீட்டின மாதிரி இரும்புத் தாங்கிகள் வரும். பாடியே அதுங்க மேலதான் உட்காரணும். இடது பக்கம் ரெண்டு தாங்கி உள்ளுக்குள்ள உளுத்துப் போச்சு. போன வாரம்தான் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர், “பட்டி பார்த்து கறுப்பு பெயின்ட் அடிச்சு விட்டுடு தம்பி, எவனுக்கும் தெரியாது”ன்னு ஐடியா கொடுத்திருந்தார். பெயின்ட்டும் வாங்கிட்டேன். டப்பா, மூடி திறக்காம ஷெட்டு ஓரத்தில் இருக்கு. இப்போ அதைத் திறக்கவே வேணாம். பேசாம இருந்தாலே போதும்.

பையன் திரும்பி ஒரு கேள்வி கேட்டான். “தப்பா நினைக்காதீங்கண்ணா. நீங்க ஏன் முடிக்கலை?”

‘வேலை பிஸி’ன்னு சொல்ல வாயைத் திறந்தேன். நாலு வருஷத்தில் நான் பார்த்த வெப் சீரிஸெல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு. சொல்ல முடியலை.

ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். “அந்த இடத்தில் குத்திப் பாரு தம்பி.”

குத்தினான். பிஸ்கட்டில் குத்தின மாதிரி பொலபொலன்னு உள்ளே போச்சு.

“இதனாலதான் முடிக்கலை. இது இருக்குன்னு முதல் வருஷமே தெரியும். இதைத் தொடப் பயந்துதான் மத்ததெல்லாம் செஞ்சுக்கிட்டிருந்தேன்”னேன்.

அப்பா, “வாடா போலாம்”னு எழுந்துட்டார். நியாயம்தான். பையன் எழுந்திருக்கலை. மறுபடி மறுபடி குத்தி, எங்கே வரைக்கும் உளுத்திருக்குன்னு சாக்பீஸால கோடு போட்டுக்கிட்டிருந்தான். நான் அந்த மூணு காலத் தாளை அப்பா கையில் கொடுத்தேன். பின்பக்கத்தையும் திருப்பிக் காட்டினேன். ஆர்.சி. மார்ச்சில் முடியுது, அதுக்குள்ள ஓட வாய்ப்பில்லை, அப்புறம் புதுப்பிச்சா தாமதக் கட்டணமும் சேரும்னு அதையும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் படிச்சார். “இது எப்போ சார் ஓடும்?”னு கேட்டார். “ரெண்டு வருஷத்தில் ஓடினா அதிர்ஷ்டம் சார். செமஸ்டர் லீவில் மட்டும் பார்க்கச் சொல்லுங்க. அரியர் வந்தா என்னைத் திட்டாதீங்க.”

55 ஆயிரத்துக்கு முடிஞ்சுது. ஆர்.சி-யும் நம்பர் பிளேட்டும் கேட்டவர் கொடுக்கிறேன்னதில் கிட்டத்தட்ட பாதி. பையன் ஒவ்வொரு பெட்டியாத் திறந்து, லிஸ்ட்டோட சரிபார்த்து, ஸ்கெட்ச் பேனாவால நம்பர் போட்டு, போட்டோ எடுத்துதான் குட்டியானையில் ஏத்தினான். நான் கழட்டினப்போ ஒரு போட்டோகூட எடுக்கலை. கழட்டின உனக்குத் தெரியாம போயிடுமாங்கிற திமிர்! இப்போ கேட்டா, பாதி போல்ட்டு எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியாது. அவனுக்கு நான் செஞ்ச பெரிய துரோகம் அதுதான். அதையும் சொல்லித்தான் அனுப்பினேன்.

அதே வாரம் ரெண்டு பேரும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் பேர் மாத்த எழுதிக் கொடுத்தோம்.

ஒரு மாசம் கழிச்சு ஷெட்டைக் கழுவினப்போ ஏழாவதா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் கிடைச்சுது. உள்ளே கதவு கைப்பிடி ஸ்க்ரூவெல்லாம். எடுத்துக்கிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே தார்ப்பாய் கட்டி, சேசிஸை செங்கல் மேல ஏத்தி வெச்சிருந்தான். பெட்டியெல்லாம் ஒட்டின டேப் பிரிக்காம அப்படியே அடுக்கியிருக்கு. இடது பக்கம் உளுத்த ரெண்டு தாங்கியையும் வெட்டி எடுத்துட்டு, புதுசா ஒண்ணு வெல்டிங் பண்ணியிருந்தான். வெல்டிங் கோணல்மாணலாத்தான் இருந்துச்சு.

“இது தேறாதுண்ணா. பிரிச்சுட்டு மறுபடி அடிக்கணும்”னான்.

பாட்டிலைக் கொடுத்தேன். நம்பர் போட்டு, லிஸ்ட்டில் ஏத்தி, பெட்டிக்குள்ள வெச்சுட்டு மறுபடி சேசிஸுக்கு அடியில் போய்ப் படுத்துட்டான்.

ஷெட்டில் அந்தக் கறுப்பு பெயின்ட் டப்பா மட்டும் இன்னும் இருக்கு. பெரியப்பா வீட்டு கேட்டுக்கு அடிக்கலாம்னு பார்க்கிறேன். முதல்ல துருவைச் சுரண்டணும்.