காதில் ரீங்காரம்: டவர்தான் காரணமா?

எழுபதைத் தொட்ட நம்மில் பலருக்குக் காதில் ஏதாவது ஓர் ஓசை. ரீங்காரம், விசில், சில்வண்டுச் சத்தம் என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறோம். பக்கத்துத் தெருவில் நிற்கும் செல்போன் டவர்தான் காரணம் என்று தீர்ப்பையும் நாமே எழுதிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மைக்ரோவேவ் கதிர் காதுக்குக் கேட்குமா என்றால், கேட்கும். இது கட்டுக்கதை அல்ல. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே ரேடார் அருகே வேலை பார்த்தவர்கள் "டிக் டிக்" என்று கேட்பதாகச் சொன்னார்கள். அமெரிக்க விஞ்ஞானி ஆலன் ஃப்ரே இதை ஆராய்ந்து 1962இல் கட்டுரை வெளியிட்டார். ஓசை தலைக்கு உள்ளிருந்தோ, சற்றுப் பின்னாலிருந்தோ வருவதுபோல் இருக்குமாம்.

காரணம் 1974இல் தெளிவானது. ரேடார் கதிர் தொடர்ச்சியாக வருவதில்லை. விட்டு விட்டுத் துடிப்பாக வரும். ஒவ்வொரு துடிப்பும் தலையின் திசுவை ஒரு டிகிரியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே சூடாக்கும். ஆனால் அது நொடிப்பொழுதைவிட மிகக் குறைந்த நேரத்தில் நடப்பதால் திசு சட்டென விரிகிறது. அந்த அதிர்வு உள்காதுக்குப் போய் ஒலியாகிறது. தண்ணீரிலும் இதைச் சோதித்தார்கள். 4 டிகிரியில் தண்ணீர் சூட்டுக்கு விரியாது; அப்போது ஓசையும் எழவில்லை. பூனைகளுக்கு உள்காதின் நத்தை எலும்பைச் சேதப்படுத்தியதும், கதிருக்கு மூளை காட்டிய பதில் நின்றுவிட்டது. மனிதரோ மிருகமோ, கேட்பது காதால்தான். மூளைக்குள் யாரும் பேசுவதில்லை.

ஆனால் இதற்கு வலுவான ரேடார் துடிப்பு வேண்டும். டவரிலிருந்து நம் வீட்டுக்கு வரும் கதிர் அதற்குப் போதவே போதாது. தவிர, துடிப்பு நின்றால் அந்த ஓசையும் நின்றுவிடும். சிக்னலே கிடைக்காத மலையூருக்குப் போனாலும் உங்கள் காதில் ரீங்காரம் தொடர்கிறதா? அப்படியானால் டவரை விட்டுவிடுங்கள்.

பெரும்பாலும் காரணம் வயது, பல வருட இரைச்சல், காதுக் குறும்பி, சில மாத்திரைகள். குறும்பி என்றால் ஐந்து நிமிட வேலை. கேட்கும் திறன் குறைந்திருந்தால் ஆடியோகிராம் காட்டிவிடும். காதுக்கருவி வைத்த பலருக்கு ரீங்காரமும் அடங்குகிறது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். சில நாட்களுக்குள் மருந்து கொடுத்தால் மீள வாய்ப்பு அதிகம். டவரைத் திட்டிக்கொண்டே இரண்டு வாரம் போக்கினால் அந்த வாய்ப்பும் குறைந்துவிடும்.