தொடுபலகையும் கமகமும்

நம் கல்லூரி இசைக் கழகத்திற்குப் பழைய மாணவர் சிலர் மனமுவந்து அளித்த பொருளைக்கொண்டு யாது வாங்கற்பாலது என்னும் வினா இவ்வாண்டு எழுந்தது. கழகத்தார் இரு திறத்தினராயினர். சிற்றாலயத்துப் பழைய ஆர்மோனியத்தின் துருத்தியைப் புதுக்கி, எஞ்சிய பணத்திற்கு ஒரு வயலின் வாங்குவோம் என்றனர் ஒரு சாரார். இக்காலத்து மேனாடுகளில் வழங்கும் தொடுபலகைகளுள் ஒன்றை வாங்குதலே தக்கது என்றனர் மற்றொரு சாரார். யான் முதற்கண் முன்னவர் பக்கத்தினன். தொடுபலகையைச் சிறுவர் கையிலுள்ள கிலுகிலுப்பைக்கு மேலாக எண்ணியவனல்லேன். அக்கருத்து இன்று என்னிடம் முழுவதும் இல்லை. அது மாறிய வகையையும், மாறாது நின்ற பகுதியையும் ஈண்டு எழுதத் துணிந்தேன். இசையறிவு எனக்குச் சிறிதே. ஆதலின் அறிந்தோர் பொறுத்தருள்க.

தொடுபலகை என்பது தானே ஒலிப்பதன்று. தந்தியும் இல்லை, துளையும் இல்லை, தோலும் இல்லை. விரல் எங்கே பட்டது, எவ்வளவு அழுந்தியது, எத்திசையில் நகர்ந்தது என்பவற்றை அளந்து கணினிக்கு அறிவிப்பதே அதன் தொழில். ஒலியைப் பிறப்பிப்பது கணினியே. கலிபோர்னியா நாட்டு சென்செல் என்னும் நிறுவனத்தார் 2015-இல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி வெளியிட்ட மார்ஃப் என்னும் பலகை இவ்வகையில் பெயர் பெற்றது. என் மாமன் மகன் சென்னையில் ஒலிப்பதிவுத் தொழில் செய்பவர். அவரிடமிருந்த அப்பலகையைச் சென்ற கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக் காலத்தில் மூன்று கிழமைக்கு இரவல் பெற்று வந்தேன். பார்வைக்கு அது ஒரு மாணாக்கன் சிலேட்டினும் பெரிதன்று. அதனுள்ளே ஏறக்குறைய 20,000 அழுத்த உணர்விகள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. விரலேயன்றி, ஓவியன் தூரிகையின் மயிர் பட்டாலும் அஃது உணர்கின்றது.

இதன் மேற் போர்த்துவதற்கு இரப்பர்த் தகடுகள் பல உண்டு. காந்தத்தால் அவை பலகையிற் பற்றிக்கொள்ளும். எத்தகடு போர்த்தப்பட்டது என்பதைப் பலகை தானே அறிந்து தன் இயல்பை மாற்றிக்கொள்ளும். பியானோத் தகட்டை இட்டால் பியானோ. முரசுத் தகட்டை இட்டால் முரசு. எழுத்துத் தகட்டை இட்டால் தட்டச்சு. வேறொன்றை இட்டால் படத்தொகுப்பாளர் மேசை. மற்றொன்றை இட்டால் ஓவியப் பலகை. டான் புக்லா என்பார் 1990-இல் செய்த தண்டர் என்னும் தொடுகருவியின் வடிவிலும் ஒரு தகடு செய்யப்பட்டது. நாமே காகிதத்தில் வரைந்த அமைப்பைக் கீழே வைத்துப் பயன்படுத்துதற்குரிய தெளிதகடும் ஒன்றுண்டு. இப்பலவுருக்கொள்ளும் ஆற்றலே இதன் பெருஞ்சிறப்பென்று விற்போரும் வாங்கியோரும் புகழ்ந்தனர். எனக்கோ இதுவே இதன் குறையாகத் தோன்றியது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

இதன் பயனை அறிதற்கு, கணினியும் இசைக்கருவியும் தம்முள் பேசும் மொழியைச் சிறிது அறிதல் வேண்டும். 1983-இல் பல நாட்டுக் கருவி செய்வோர் உடன்பட்டு வகுத்த மிடி என்பதே அம்மொழி. அது விசைப்பலகையை மனத்துட் கொண்டு பிறந்தது. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு விரைவில் அழுத்தப்பட்டது, எப்பொழுது விடப்பட்டது என்பனவே அதன் முதற் சொற்கள். சுருதியை வளைத்தற்கு ஒரு சொல் உண்டாயினும், வளைத்தால் அவ்வாய்க்காலிற் செல்லும் ஒலிகள் யாவும் ஒருங்கே வளையும். மூன்று விரல் மூன்று சுரங்களைப் பிடித்திருக்க, நடுவிரல் மட்டும் தன் சுரத்தை அசைத்தல் இயலாது. 2018-இல் இக்குறை நீங்க எம்.பி.ஈ. என்னும் முறை பொதுவாக ஏற்கப்பட்டது. அம்முறையில் ஒவ்வொரு விரலின் ஒலிக்கும் தனித்தனி வாய்க்கால் கொடுக்கப்படுகின்றது. 16 வாய்க்கால்கள் இருத்தலின் இடர் இல்லை. ஒவ்வொரு விரலும் தனித்து அசையலாம், அழுந்தலாம், வழுக்கலாம். மார்ஃப் இம்முறையைப் பின்பற்றியது. இலண்டனில் ரோலி நிறுவனத்தார் செய்த சீபோர்டும், ரோஜர் லின் 2014-இல் வெளியிட்ட லின்ஸ்ட்ருமென்டும் இவ்வினத்தனவே.

விரலின் அசைவை ஒலியின் அசைவாக்கும் ஆசை இன்று நேற்றுப் பிறந்ததன்று. மோரிஸ் மார்த்தனோ என்னும் பிரெஞ்சுக்காரர் 1928-இல் பாரிசில் அரங்கேற்றிய மின்னிசைக் கருவியில், வலக்கையின் விரலிற் கோத்த மோதிரம் ஒரு நாடாவை இழுத்துச் சுருதியை வழுக்கும். இடக்கை ஒரு சிறு பொத்தானை அழுத்தும் அளவிற்கேற்ப ஒலி பெருகிச் சுருங்கும். அவர் செல்லோ வாசித்தவர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. வில்லின் அருமையை அறிந்தவர் கட்டையின் வறுமையை அறியாதிருப்பரோ? கனடா நாட்டு ஹியூ லெ கெயின் 1945-இல் தொடங்கிச் செய்த கருவியிலும், கட்டையைப் பக்கவாட்டில் நெருக்கினால் சுருதி வளையும்.

இவர்கள் தேடிய பொருளுக்கு நம் மொழியில் நெடுநாளாகப் பெயர் உண்டு. சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் மாதவி யாழைக் கையிலெடுக்கும் இடத்தே, உந்தல், உருட்டல், அள்ளல் முதலாக எட்டு இசைக்கரணங்கள் குறிக்கப்பெறுகின்றன. இவை விரல் நரம்பைத் தீண்டும் வகைகள். தேர்வுக்குப் படித்தபொழுது இவற்றைப் பொருளறியாது உருப்போட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1947-இல் வெளிவந்த விபுலானந்த அடிகளாரின் யாழ்நூலைப் புரட்டியபொழுதும், அக்கரணங்கள் எனக்கு ஏட்டுச் சொற்களாகவே நின்றன. அப்பலகையின் மேல் ஒரே விரலை வைத்து, அழுத்துவதும் நகர்த்துவதும் தள்ளுவதும் வெவ்வேறு ஒலியாதலைக் கேட்ட அன்றுதான், தீண்டுதலுக்கு எட்டுப் பெயரிட்டவர்கள் வீண் பெயரிட்டாரல்லர் என்று தெளிந்தேன்.

இனி, எதிர்ப்பக்கத்தார் கூற்றை ஆராய்வாம். அந்நியப் பொறி நம் இசைக்கு ஒவ்வாது என்பது அவர்தம் முதற் கூற்று. இதனைக் கூறுவோர் ஆர்மோனியத்தின்மேற் கைவைத்துக்கொண்டு கூறுவது வியப்பே. அது 1842-இல் பாரிசில் அலெக்சாந்தர் தெபேன் உரிமை பதிந்த கருவி. குருமார் கொணர்ந்ததும் கல்கத்தாவிற் கைத்துருத்தி பெற்றதுமாகிய அதனை நாம் நம்முடையதாகவே கொண்டுவிட்டோம். அதன் கட்டைகள் நின்ற இடத்தில் நிற்பன. ஒரு சுரத்தினின்று அடுத்த சுரத்திற்குத் தாவலாமேயன்றித் தவழ்தல் இயலாது. இக்காரணம் பற்றியே அகில இந்திய வானொலி 1940-இல் அதனை விலக்கியது. அவ்விலக்கு 1971-இலேதான் தளர்ந்தது. நம் ஞாயிறு ஆராதனையிற் பாடப்படும் கீர்த்தனைகளோ பெரும்பாலும் கருநாடக இராகங்களில் அமைந்தவை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் நம் வழிபாட்டிற்குக் கொடுத்த செல்வம் கமகமுள்ள செல்வம். அதனைக் கமகமில்லாக் கருவியோடு சேர்த்துத் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்த நாம், கமகத்தைத் தரும் பொறியை அந்நியம் என்று தள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்? ஏ. ஆர். ரகுமான் 2009-இல் வெளிவந்த ‘டெல்லி-6’ படத்துப் பாடல் ஒன்றில் கன்டினுவம் என்னும் தொடுபலகையை வாசித்தார்; லிப்போல்டு ஹேக்கன் என்னும் அமெரிக்கப் பொறியியலார் ஆக்கிய அது, நம்மவர் கையில் நம் இழைவையே பாடிற்று.

எம் சோதனையைச் சொல்லுகின்றேன். தெளிதகட்டின் கீழ் ஒரு தாளை வைத்து, ஒரு சாண் நீளமுள்ள கோடு வரைந்து, இடக்கோடியில் ச என்றும் வலக்கோடியில் மேல் ச என்றும் எழுதி, இடையிலே பன்னிரண்டு சுரத்தானங்களைக் குறித்தோம். ஒவ்வொன்றிற்கும் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த இடமே கிடைத்தது. வயலினில் மேலே செல்லச் செல்ல இடைவெளி குறுகும்; இங்கே யாவும் சமம். ஆதலின் வயலின் பயின்ற தோழன் முதல் நாள் முழுவதும் அபசுரமே வாசித்தான். எங்கள் கணினி பழையது. விரல் பட்டதற்கும் ஒலி எழுதற்கும் இடையே கேட்கத்தக்க தாமதம் இருந்தது. மிருதங்கக்காரன் தலையில் அடித்துக்கொண்டான். மென்பொருளைத் திருத்திய பின்னர்த் தாமதம் குறைந்தது, முற்றும் நீங்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை, சிற்றாலயத்தில் நெடுங்காலமாக ஆர்மோனியம் வாசிக்கும் பெரியவர் வந்தார். “இது என்னப்பா, ரொட்டித் தட்டா?” என்று நகைத்தவர், நாங்கள் வற்புறுத்தவே ஒரு விரலைக் கோட்டின்மேல் வைத்தார். தோடி இராகத்துக் காந்தாரம் நின்ற இடத்தில் நில்லாது. கீழும் மேலும் அசைந்துகொண்டே தன்னைக் காட்டும். அவர் அதனைத் தேடினார். இருமுறை தவறி, மூன்றாம் முறை பிடித்தார். விரலை எடுக்காமலே, “தம்பி, வாயால் பாடியதைக் கையால் வாசிக்க முடியவில்லையே என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன்!” என்றார். அன்று அவர் வீடு திரும்ப இரவு மணி ஒன்பது ஆயிற்று. என் கருத்து மாறியது அவ்வேளையிலேயே.

ஆயினும் புகழ்ச்சியோடு நிறுத்துதல் நேர்மையாகாது. முன்னர்க் குறிப்பிட்ட குறைக்கு வருகின்றேன். பலகை எம்மிடம் இருந்த மூன்று கிழமையிலும் எம்முள் ஒருவரேனும் ஒரு பாட்டை முதலினின்று முடிவு வரை வாசித்தோமல்லேம். பத்து நிமிடம் பியானோ. பத்து நிமிடம் முரசு. உடனே ஒருவன் தூரிகையைக் கொணர்ந்து படம் வரையத் தொடங்குவான். மற்றொருவன் தட்டச்சுத் தகட்டில் தன் பெயரை அடித்துப் பார்ப்பான். சட்டை மாற்றிக்கொண்டே திருவிழாவைத் தவறவிட்ட பிள்ளைபோல் ஆனோம். தாவீதின் கையில் இருந்தது ஒரு சுரமண்டலம். அதனையே அவன் ஆட்டு மந்தையிடையும் வாசித்தான், அரசன் முன்னும் வாசித்தான். பெரியவரும் ஒரே கோட்டில் ஒரே சுரத்தை அரைமணி தேடியபடியாலன்றோ அதனைக் கண்டார்? எல்லாமாகும் கருவி எதுவாகவும் பழகப்படாமற் போகும் என்பதே எம் அச்சம். படத்தொகுப்பாளர் ஒருவருக்கு, மேசையில் இடமின்மையால், இப்பலவுரு பெரும்பயன் ஆகலாம். மாமன் மகன் அதனாலேயே அதனை விரும்புகின்றார். கழகத்திற்கோ அஃது ஒரு கவர்ச்சியே.

இதனினும் பெரிதாகிய குறை ஆயுள். மார்ஃபின் விலை ஏறக்குறைய 250 டாலராயிருந்தது. இப்பொழுது அதனைச் செய்வதே நின்றுவிட்டது. அந்நிறுவனத்தார் மடிக்கணினிகளின் தொடுபரப்புச் செய்யும் தொழிலிற் புகுந்தனர். ரோலி நிறுவனமும் 2021-இல் நொடித்துப் பின்னர்ப் புத்துருப் பெற்று எழுந்தது. பலகை உடையாமல் இருக்கலாம்; அதனைக் கணினியோடு பேசுவிக்கும் மென்பொருள் புதுக்கப்படாவிடில், அஃது ஊமை. நம் ஆர்மோனியத்தின் துருத்தி கிழிந்தால் தோல் வாங்கி ஒட்டுதற்கு ஆள் உண்டு. தொடுபலகையின் துருத்தி கிழிந்தால் எவரிடம் செல்வது?

ஆதலின் கழகக் கூட்டத்தில் யான் முன்மொழிந்தது இது: துருத்தியை முதலிற் புதுக்குக. மார்ஃபைப் பழைய பொருளாகத் தேடி வாங்கற்க. வாங்குவதாயின், சுரத்திலிருந்து சுரத்திற்கு இடையறாது வழுக்கத்தக்கதும், எம்.பி.ஈ. என்னும் பொது மொழியையே பேசுவதும், செய்தவர் இன்றும் துணை நிற்பதுமாகிய ஒற்றைத்தொழிற் பலகை ஒன்றை வாங்குக. பொதுமொழி பேசுவதாயின் ஒரு மென்பொருள் மறைந்தாலும் மற்றொன்று அதனோடு பேசும். அதனைப் பூட்டி வைக்காது, ஓராண்டிற்கு இருவர் கையில் மட்டும் ஒப்புவிக்க. அவ்விருவரும் பெரியவரிடம் வாரம் இருமுறை பயில்க. இருவர் என்றது பலருக்குக் கசந்தது. “பழைய மாணவர் எல்லோருக்குமாகவன்றோ பொருள் கொடுத்தனர்?” என்று ஒரு நண்பர் வினவினார். வினா நியாயமானதே. எனினும், எல்லோரும் தொட்ட பலகையில் எவரும் தோடியைக் கண்டிலர் என்பதே யான் தந்த விடை. முன்மொழிவு அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது.

பலகையை மாமன் மகனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பன்னிரண்டு சுரத்தானம் எழுதிய தாள் மட்டும் பெரியவரிடம் உள்ளது. ஆராதனை தொடங்குமுன் அதனை மடிமேல் விரித்து, ஒலியில்லாமலே விரலை ஓட்டிப் பார்க்கின்றார்.